கல்வாழைக்கு முன்னால் மூன்று வேலை

குளியலறை, சமையலறைத் தண்ணீரை ஜல்லிப் படுகைக்குள் ஓடவிட்டு, மேலே கல்வாழை நட்டு, மறுமுனையில் தெளிந்த தண்ணீராக எடுத்துத் தென்னைக்கு விடும் முறையைப் பற்றிப் புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் இப்போது நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். ஆரோவில்லில் பல குடியிருப்புகளில் இது இருக்கிறது. கடலூர் சாலையில் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை வளாகத்தில் இதன் பெரிய வடிவத்தைப் பார்க்கலாம். விசாரிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "என்ன செடி நடலாம்?" என்றுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். எண்ணெய் பிடிக்கும் தொட்டி, வண்டல் தொட்டி, கழுவிய ஜல்லி ஆகிய மூன்றும் சரியாக அமைந்தால் எந்தச் செடியும் வளரும். மூன்றில் ஒன்று தவறினாலும் இரண்டு வருடத்துக்குள் படுகையின் மேல் தண்ணீர் தேங்கி நாறத் தொடங்கும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஜல்லிக் கற்களின் மேலும் வேர்களின் மேலும் வழுவழுப்பான நுண்ணுயிர்ப் படலம் படிகிறது. சோப்பு, எண்ணெய், சோற்றுத் துணுக்கு, அழுக்கு எல்லாவற்றையும் தின்பது அந்தப் படலம்தான். செடி தானாக உறிஞ்சும் சத்து மொத்தத்தில் சிறு பங்குதான். ஆனாலும் செடிக்கு வேறு வேலை இருக்கிறது. வேர் நுனியிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜன் கசியும். வேர் வளர்ந்தும் மடிந்தும் ஜல்லிக்குள் வழியைத் திறந்து வைக்கும். மேல்பரப்புக்கு நிழல் கிடைக்கும். ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற அம்மையார் 1950-களில் கோரை இனச் செடிகளை வைத்துக் கழிவுநீரைச் சோதித்துப் பார்த்ததிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. நம் ஊரில் குளியல் தண்ணீரை வாழை மரத்தடிக்கு விடுவது அதற்கு வெகு முன்பே இருந்த பழக்கம். வாழையடி மண் செய்த வேலையை அளந்து கட்டிய தொட்டிக்குள் கொண்டுவருவதுதான் இப்போது செய்வது. மனை சுருங்கி, ஒரே இடத்தில் விழும் தண்ணீர் பெருகியதால் அளவு பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கே சொல்லும் அளவெல்லாம் 5 பேர் உள்ள வீட்டுக்கு. கழிவறைத் தண்ணீர் இதில் சேராது. குளியல், துணி துவைத்தல், பாத்திரம் கழுவுதல் மூன்றும் சேர்த்து ஆளுக்கு 80 லிட்டர் என்று வைத்தால் நாளுக்கு 400 லிட்டர். உங்கள் வீட்டுக் கணக்கு தெரிய வேண்டுமென்றால் ஒரு வாரம் மேல்தொட்டி எத்தனை முறை நிரம்புகிறது என்று குறித்து வையுங்கள். ஊகத்தைவிட அது நம்பகமானது. விருந்தாளி வந்தால் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சமையலறைத் தண்ணீர்தான் அளவில் சிறியது, தொல்லையில் பெரியது. எண்ணெய் குளிர்ந்ததும் கட்டியாகி ஜல்லி இடுக்கில் ஒட்டும். அதன் மேல் சோற்றுப் பருக்கையும் இட்லி மாவும் படியும். நம் கடற்கரைச் சமையலில் மீன் அலசிய தண்ணீரும் செதிலும் வேறு. செதில் மக்க வெகு நாளாகும். இதற்கென்று சமையலறைக் குழாயில் மட்டும் 60 லிட்டர் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வைக்க வேண்டும். உள்ளே வரும் குழாயில் எல்போ (வளைந்த இணைப்பு) போட்டு வாயைக் கீழ்நோக்கி, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். வெளியே போகும் குழாயில் ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு, அதன் கீழ்க்கால் டிரம்மின் அடியிலிருந்து 15 செ.மீ. உயரம் வரை இறங்கட்டும். எண்ணெய் மேலே மிதக்கும், பருக்கை அடியில் தங்கும், நடுவிலுள்ள தண்ணீர் மட்டும் வெளியேறும். டீயின் மேல்வாயைத் திறந்தே விடவேண்டும். அடைத்தால் உறிஞ்சு குழாய்போல் மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். வெளிவாய் உள்வாயைவிட 5 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும்.

டிரம்மை வெயிலில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் காய்ந்த டிரம்மில் எண்ணெய் உருகி தண்ணீரோடு போய்விடும், தொட்டி இருந்தும் இல்லாத கதைதான். கொதிக்கக் கொதிக்க எதையும் சிங்க்கில் ஊற்றக் கூடாது என்பதும் இதனால்தான். வடிகஞ்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது பார்க்கப் பால்போலத் தூய்மையாக இருக்கும், ஆனால் ஒரு லிட்டர் கெட்டிக் கஞ்சி படுகையின் மேல் ஏற்றும் சுமை 50 லிட்டர் குளியல் தண்ணீர் ஏற்றுவதற்குக் குறையாது. பாகூர் பக்கம் இன்னும் பல வீடுகளில் கழனித்தண்ணி மாட்டுக்குப் போகிறது. அதுதான் சரியான இடம். மாடு இல்லாத வீட்டில் தண்ணீர் கலந்து ஆற வைத்து நேரே ஒரு மரத்தடியில் ஊற்றுங்கள், தினமும் ஒரே மரத்தடியில் வேண்டாம்.

டிரம்மை வாரம் ஒரு முறை திறந்து மேலே படிந்த எண்ணெயை அள்ள வேண்டும். அள்ளியதைத் தென்னைநார்க் கழிவோடோ காய்ந்த சருகோடோ பிசைந்து மக்குக் குழியில் போட்டு மண் மூடலாம். இந்த வாராந்தர வேலையைச் செய்ய வீட்டில் யாரும் இல்லையென்றால் சமையலறைக் குழாயைப் படுகையோடு இணைக்காமல் விடுவது மேல். குளியல், துவையல் தண்ணீர் மட்டும் போகும் படுகை அதிகக் கவனிப்பில்லாமல் பல வருடம் ஓடும்.

அடுத்தது வண்டல் தொட்டி. கிணற்றுக்கு இறக்கும் மூன்றடி விட்ட சிமென்ட் உறை மூன்றை அடுக்கினால் போதும். உள்ளே 75 செ.மீ. தண்ணீர் நின்றால் 450 லிட்டருக்கு மேல் கொள்ளும். அதாவது வரும் தண்ணீர் ஏறக்குறைய ஒரு நாள் தங்கிப் போகும். கொத்தனாரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுங்கள்: இது ஊறுகுழி இல்லை. உறை இறக்குவது என்றாலே அடியைத் திறந்து விட்டு, இணைப்பில் சாந்து வைக்காமல் அடுக்குவதுதான் அவர்களுக்குப் பழக்கம். இங்கே அடியில் 10 செ.மீ. கான்கிரீட் போட்டு, இணைப்பெல்லாம் நீர்க்காப்புக் கலவை சேர்த்துப் பூச வேண்டும். நிரப்பி ஒரு நாள் விட்டு மட்டம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே மண் அணைக்க வேண்டும். வெளிவாயில் இங்கேயும் டீ, கீழ்க்கால் தண்ணீர் மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே.

துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. இயந்திரம் ஓரிரு நிமிடத்தில் 40, 50 லிட்டரைத் தள்ளும். அந்த வேகத்தில் அடியில் படிந்த வண்டல் கிளம்பி ஜல்லிக்குள் புகுந்துவிடும். இதற்கு எளிய வழி, வெளியேறும் குழாயை ஒன்றேகால் அங்குலமாகச் சுருக்கி, தொட்டியில் அதற்கு மேல் 10 முதல் 15 செ.மீ. காலி இடம் விடுவது. மூன்றடி உறையில் 10 செ.மீ. என்றால் 60 லிட்டருக்கு மேல், அதாவது ஒரு முறை இயந்திரம் கக்குவது அப்படியே தங்கி மெல்ல இறங்கும். நூல் பிசிறைப் பிடிக்க இயந்திரக் குழாயின் நுனியில் கொசுவலைத் துணியைப் பைபோல் கட்டுங்கள். அந்தப் பிசிறு பெரும்பாலும் மக்காத செயற்கை நூல், ஜல்லியில் சேர்ந்தால் சேர்ந்ததுதான். பை நிரம்பினால் இயந்திரத்துக்கே தண்ணீர் திரும்பும் என்பதால் இரண்டு மூன்று சலவைக்கு ஒருமுறை உதற வேண்டும்.

இந்த வரிசையில் குளியலறை வாயிலிருந்து படுகை நுழைவாயில் வரை குறைந்தது 30 செ.மீ. இறக்கம் வேண்டும். குழி தோண்டுவதற்கு முன்பே டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய்) வைத்து எல்லா மட்டத்தையும் சுவரில் குறித்துவிடுங்கள். இறக்கம் கிடைக்காத வீட்டில் சின்ன பம்ப் வைத்து ஏற்றலாம்தான். ஆனால் பம்ப் வந்தால் மின்சாரமும் பழுதும் கூடவே வரும்.

இப்போது படுகை. ஆளுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேல் என்று வைத்து 5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், மொத்தம் 6 சதுர மீட்டர். ஜல்லி ஆழம் 60 செ.மீ., அதில் தண்ணீர் 50 செ.மீ. வரை நிற்கும், மேல் 10 செ.மீ. காய்ந்தே இருக்கும். ஜல்லிக்கு நடுவில் வெற்றிடம் ஏறக்குறைய 40 சதவீதம். 6 × 0.5 × 0.4 = 1.2 கன மீட்டர், அதாவது 1,200 லிட்டர். நாளுக்கு 400 லிட்டர் வந்தால் மூன்று நாள் உள்ளே தங்கும். நம் வெப்பத்துக்கு அது போதுமானது. குளிர் நாட்டுக் கையேடுகளில் இதைவிடப் பெரிய பரப்பு சொல்லியிருப்பார்கள். அங்கே குளிரில் நுண்ணுயிர் மந்தமாகும், இங்கே மார்கழியிலும் அப்படி ஆவதில்லை. ஆழத்தைக் கூட்டி நீளத்தைக் குறைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். கூடாது. கல்வாழை வேர் ஜல்லியில் பெரும்பாலும் 30, 40 செ.மீ. ஆழம் வரைதான் இறங்கும். ஆழமாக்கினால் தண்ணீர் வேருக்குக் கீழே சுலபமான வழியைப் பிடித்து ஓடிவிடும்.

அகலத்தையும் நினைத்தபடி குறைக்கக் கூடாது. நுழைவாயிலில் தண்ணீர் எவ்வளவு பெரிய ஜல்லி முகத்தில் பரவுகிறதோ அவ்வளவு மெல்லத்தான் அடைபடும். ஒல்லியான நீண்ட வாய்க்கால்போல் கட்டினால் முன்பக்கம் சீக்கிரம் அடைக்கும். மிக அகலமாகக் கட்டினால் தண்ணீர் ஒரு ஓரமாகவே ஓடி மறு ஓரம் காய்ந்து கிடக்கும். மேலே சொன்ன 1.2 மீட்டர் இந்த அளவுத் தண்ணீருக்கு நடுவானது. தரைச் சரிவு நூற்றுக்கு ஒன்று போதும், 5 மீட்டருக்கு 5 செ.மீ. சரிவு அடியில் மட்டும்தான். ஜல்லியின் மேல்பரப்பு மட்டமாகவே இருக்க வேண்டும்.

செங்கல்லில் நாலரை அங்குலச் சுவர் எழுப்பி உள்ளே நீர்க்காப்புப் பூச்சு பூசுவது நிலையான வழி. வீராம்பட்டினம், தேவனாம்பட்டினம் போன்ற கடலோர மணற்பகுதிகளில் கம்பி போட்ட கான்கிரீட்டைத் தவிர்க்கலாம். உப்பு ஏறிக் கம்பி துருப்பிடித்து வெடிக்கும். தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போடுவது சிக்கனம். அப்படிச் செய்தால் விரிப்புக்குக் கீழே 5 செ.மீ. சலித்த மணல், மேலே பழைய சாக்கு, பிறகுதான் ஜல்லி. கருங்கல் ஜல்லியின் விளிம்பு கத்திபோல் இருக்கும், சாக்கு இல்லாமல் கொட்டினால் அன்றைக்கே பத்து இடத்தில் பொத்தல் விழும். கோரிமேடு போன்ற செம்மண் மேட்டில் பொத்தல் விழுந்தால் தண்ணீர் ஊறிச் செடி காய்வதோடு போகும். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் கடலோர மணலில் அந்த அழுக்குத் தண்ணீர் நேரே போர்வெல்லுக்குப் போகும்.

ஜல்லிக் கணக்கு இது. முன்னும் பின்னும் அரை மீட்டர் நீளத்துக்கு ஒன்றரை ஜல்லி (ஒன்றரை அங்குலக் கல்), நடுவில் 4 மீட்டருக்கு அரை ஜல்லி (அரை அங்குலக் கல்). அரை ஜல்லி 2.9 கன மீட்டர், ஏறக்குறைய 100 கன அடி, அதாவது ஒரு யூனிட். ஒன்றரை ஜல்லி கால் யூனிட். வானூர், திண்டிவனம் பக்கத்துக் குவாரிகளிலிருந்து வரும் லோடில் தூள் நிறைய இருக்கும். அந்தத் தூளோடு கொட்டினால் அது அடியில் இறங்கிச் சேறாகி, 40 சதவீத வெற்றிடத்தில் பெரும்பங்கை நிரப்பிவிடும். "தண்ணி ஊத்துனா தானா கழுவிடும்" என்று சொல்வார்கள். கழுவாது, தூள் அடிக்குத்தான் போகும். கால் அங்குலச் சல்லடையில் போட்டுச் சலித்து, பிறகு குழாய்த் தண்ணீரில் அலசி, வடியும் தண்ணீர் தெளியும் வரை விடாதீர்கள். இரண்டு ஆளுக்கு ஒரு முழு நாள் வேலை. எல்லோரும் தட்டிக்கழிக்கும் வேலையும் இதுதான். கட்டுமானத்தில் எங்கே சிக்கனம் பார்த்தாலும் இங்கே பார்க்காதீர்கள். ஆற்றுமணலோ எம்-சாண்டோ நடுவில் போட்டால் இன்னும் சுத்தமாகும் என்று நினைப்பதும் தவறு. படுத்த வாக்கில் தண்ணீர் ஓடும் படுகையில் மணல் சில மாதத்தில் அடைத்துக்கொள்ளும்.

நுழைவாயிலில் அகலம் முழுக்க ஒரு மூன்று அங்குலக் குழாயைக் குறுக்கே படுக்க வைத்து, 15 செ.மீ.க்கு ஒரு துளை இட்டு, இரு நுனியிலும் திறக்கும் மூடி போடுங்கள். அடைத்தால் மூடியைத் திறந்து கம்பி விடலாம். குழாயின் மேல் ஒரு சாண் ஒன்றரை ஜல்லி மூடியிருக்கட்டும், வாடை வெளியே வராது. மறுமுனையில் துளையிட்ட குழாய் அடியில் படுத்திருக்கும். அது சுவரைத் தாண்டிச் சின்ன அறைக்குள் வந்து ஒரு எல்போவில் முடியும். அந்த எல்போவைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். அதைச் சாய்த்தால் படுகைக்குள் மட்டம் இறங்கும், நிமிர்த்தினால் ஏறும். படுகை முழுவதற்கும் இருக்கும் ஒரே கைப்பிடி அதுதான், ஒட்டிவிட்டால் பிறகு எந்தக் கோளாறையும் சரிசெய்ய வழியில்லை.

செடிக்கு வருவோம். கல்வாழையே என் முதல் தேர்வு. பூக்கும், தண்டு மென்மையானது, வெட்டினால் மாட்டுக்கோ மக்குக் குழிக்கோ போகும், கிழங்கு பக்கத்து வீட்டிலேயே கிடைக்கும். சதுர மீட்டருக்கு 4 வீதம் 24 கிழங்கு போதும். சம்பு நன்றாகச் சுத்திகரிக்கும், ஆனால் அதன் தரையடித் தண்டு கூரானது, விரிப்பைக் குத்தும். நாணலும் அப்படியே. அவை சிமென்ட் தொட்டிக்கு மட்டும். வெட்டிவேர் கடலூர் கடலோர மணல் கிராமங்களில் பயிராகும் செடி. உப்பையும் கடும் சுமையையும் தாங்கும், அதனால் கடற்கரை வீட்டுக்கு ஏற்றது. நாற்றுச் சிம்பைப் பிரித்து ஒரு சாண் இடைவெளியில் நடுங்கள். சேம்பு நிழலான மூலைக்கு நன்றாக வரும். அதன் கிழங்கைச் சமைக்க எடுக்க வேண்டாம். மூங்கில், அரசு, ஆல் மூன்றையும் படுகையிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள், வேர் சுவரைப் பிளந்துவிடும்.

நடும் நாளில் நல்ல தண்ணீரை ஜல்லியின் மேல்மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே வரை நிரப்பி, கிழங்கின் வேர் தண்ணீரைத் தொடும்படி வையுங்கள். மண்ணோடு நடாதீர்கள், கிழங்கை நன்றாக அலசி ஜல்லியில் நேரே புதைக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து எல்போவைக் கொஞ்சம் சாய்த்து மட்டத்தை 3 செ.மீ. இறக்கினால் வேர் தேடிக்கொண்டு கீழே போகும். இப்படி இரண்டு மாதத்தில் படிப்படியாக 10 செ.மீ. வரை இறக்குங்கள். முதல் மூன்று வாரம் வீட்டுத் தண்ணீரில் பாதியை மட்டும் விடுவது நல்லது. நுண்ணுயிர்ப் படலம் பிடிக்கச் சில வாரம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு படுகையின் நுழைவாயில் ஜல்லி ஒரு வாளி கிடைத்தால் வாங்கி முன்பக்கம் கொட்டுங்கள், சீக்கிரம் பிடிக்கும்.

கல்வாழையை மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறை, பூத்து முடிந்த தண்டுகளை ஜல்லிக்கு ஒரு சாண் மேலே வெட்டுங்கள். வெட்டியதை அங்கேயே போட்டால் அது மக்கி, எடுத்த சத்து திரும்ப உள்ளே போகும். நுழைவாயில் பக்கம் செழித்தும் கடைசிப் பக்கம் வெளிறியும் இருந்தால் பயப்பட வேண்டாம். குளியல், துவையல் தண்ணீரில் தழைச்சத்து குறைவு, முன்னால் இருக்கும் செடி அதைத் தின்றுவிடுகிறது. தண்ணீர் சுத்தமாகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

கொசுவைப் பற்றிய பயம் நியாயமானது. புதுச்சேரி யானைக்கால் நோயோடு நெடுநாள் போராடிய ஊர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்ப்பரப்பிகள் ஆராய்ச்சி மையம் 1975-ல் இங்கே தொடங்கப்பட்டது. அந்த நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவைக் கட்டுப்படுத்தும் பெரிய செயல்விளக்கத் திட்டத்தை 1981-லிருந்து 5 ஆண்டு இந்த நகரத்திலேயே அது நடத்தியது. அந்தக் கொசு விரும்புவது தேங்கிய அழுக்குத் தண்ணீர். ஜல்லிக்குள் ஓடும் தண்ணீரில் அது முட்டையிட வழியில்லை, மேலே 10 செ.மீ. காய்ந்த ஜல்லி இருக்கிறது. ஆனால் வண்டல் தொட்டி மூடியின் இடுக்கிலும், எல்போ இருக்கும் அறையிலும், காற்றுக்குழாய் வைத்திருந்தால் அதன் வாயிலும் அது நுழையும். மூன்றுக்கும் கொசுவலை கட்ட வேண்டும். திறந்த குட்டையில் ஆகாயத்தாமரை வளர்த்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் முறையை வீட்டளவில் நான் பரிந்துரைக்க மாட்டேன். மான்சோனியா என்னும் கொசு இனத்தின் புழு அந்த வேரில் ஒட்டிக்கொண்டே மூச்சுவிடும், அதுவும் யானைக்கால் பரப்பும் இனம். செடியை வாரந்தோறும் அள்ளவில்லையென்றால் அழுகி, தண்ணீர் வந்ததைவிட மோசமாகும். அழகுக்குச் சின்னக் குட்டை வேண்டுமென்றால் படுகைக்குப் பிறகு வையுங்கள். கப்பி மீன் விட்டு, பாதிப் பரப்புக்காவது வெயில் படும்படி விடுங்கள். மீன் உயிரோடு இருப்பது தண்ணீரின் தரத்துக்கும் நல்ல சாட்சி.

ஐப்பசி முதல் மார்கழி வரை வேறு கதை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. அந்த மழைக்கு எந்தப் படுகையும் தாங்காது, தாங்க வேண்டியதும் இல்லை. ஆனால் மாடித் தண்ணீரும் தெருவெள்ளமும் உள்ளே புகாதபடி சுவர் தரைக்கு மேல் 15 செ.மீ.யாவது உயர்ந்திருக்க வேண்டும். தெருவெள்ளம் கொண்டுவரும் வண்டல் ஒரே இரவில் ஜல்லியை அடைத்துவிடும். பிறகு முழுவதையும் வாரிக் கழுவுவதைத் தவிர வழியில்லை. மாடிக் குழாயைத் தப்பித் தவறியும் வண்டல் தொட்டியில் இணைக்காதீர்கள். வண்டல் தொட்டியை வருடத்துக்கு ஒரு முறை காலி செய்ய வேண்டும், அதை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறியிருக்கும்போது காலி செய்தால் வெளித்தண்ணீர் அழுத்தி, உறை இணைப்பு விடும், சில நேரம் தொட்டியே எழும்பும்.

படுகையின் முன்பகுதியில் தண்ணீர் மேலே தெரிந்தால் அடைப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முதலில் எல்போவை நன்றாகச் சாய்த்து மட்டத்தை இறக்கிப் பாருங்கள். வெளிவாய் அடைந்திருந்தாலும் இப்படித்தான் தெரியும். இறக்கியும் முன்னால் மட்டும் தேங்கினால் முதல் அரை மீட்டர் ஜல்லிதான் அடைத்திருக்கிறது. அதை வாரி, அலசி, திரும்பப் போட்டால் போதும், முழுப் படுகையையும் கலைக்க வேண்டாம். முன்னால் ஒன்றரை ஜல்லி போடச் சொன்னது இதற்காகவும்தான், பெரிய கல்லை அலசுவது சுலபம். அலசிய கையோடு எண்ணெய் டிரம்மையும் வண்டல் தொட்டியையும் பாருங்கள். காரணம் அங்கேதான் இருக்கும்.

அழுகிய முட்டை வாடை வந்தால் படுகையில் காற்று போதவில்லை. பெரும்பாலும் சுமை கூடியிருக்கும்: வடிகஞ்சி, கெட்டுப்போன மாவு, பாலை ஊற்றியது. சில நாள் மட்டத்தை 20 செ.மீ. இறக்கி வைத்தால் மேல்பகுதிக்குக் காற்று கிடைக்கும். பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் மூன்றும் அதிகம் போனால் படலம் செத்து, வெளியே வரும் தண்ணீர் நுரையோடு கலங்கலாக வரும். குளியலறையை ஆசிட் ஊற்றிக் கழுவும் நாளில் அந்தத் தண்ணீரைப் படுகைக்கு வராமல் திருப்பிவிட ஒரு மாற்றுக் குழாய் வைத்துக்கொள்வது நல்லது. தலைச்சாயத்துக்கும் அதே குழாய்.

கழிவறைத் தண்ணீரையும் சேர்க்கலாமா? சேர்க்கலாம், ஆனால் செப்டிக் டேங்க் வழியாகத்தான், அதுவும் அடி மூடிய, அறை பிரித்த உண்மையான செப்டிக் டேங்க்காக இருந்தால். ஆளுக்கு இன்னும் 2 சதுர மீட்டர் படுகை கூட்ட வேண்டும். தண்ணீர் மனிதர் கைபடாத இடத்துக்கு மண்ணுக்கடியில்தான் போக வேண்டும். சாயப்பட்டறை, ரசாயனத் தொழிற்சாலைக் கழிவை இந்த முறை சுத்தம் செய்யாது, ஒருபோதும் கலக்காதீர்கள்.

உப்பையும் இது நீக்காது. உள்ளே போகும் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) வெளியேயும் இருக்கும். கோடையில் செடி உறிஞ்சி ஆவியாக்கும் தண்ணீர் நாளுக்கு 40, 50 லிட்டர் போவதால் உப்பு இன்னும் சற்றுக் கூடத்தான் செய்யும். கடலோரத்தில் போர்வெல் ஏற்கெனவே உப்பாக இருக்கும் வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரையும் படுகைக்குள் விட்டால் வாழை இலை விளிம்பு கருகும். தென்னை தாங்கும், வாழையும் எலுமிச்சையும் தாங்காது.

தரத்தைப் பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்பினால் பி.ஓ.டி. கேளுங்கள். அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற அளவு அது. நிலத்தில் பாய்ச்சும் தண்ணீருக்கு மத்திய அரசின் பொது விதி லிட்டருக்கு 100 மி.கி. வரை அனுமதிக்கிறது, ஏரி ஆற்றில் விட 30. ஒழுங்காக ஓடும் படுகை 30-ஐத் தொடும். வீட்டிலேயே பார்க்க, வெளிவரும் தண்ணீரை ஒரு பாட்டிலில் வாய்வரை நிரப்பி மூடி இருட்டில் 5 நாள் வையுங்கள். திறக்கும்போது கறுத்து நாறினால் இன்னும் அழுக்கு மிச்சம் இருக்கிறது. தெளிவாக, மண்வாசனையோடு இருந்தால் தோட்டத்துக்கு விடலாம்.

விடும்போது தெளிப்பான் வேண்டாம். கிருமி குறையுமே தவிர ஒழியாது, குழந்தைத் துணி அலசிய தண்ணீரும் இதில்தான் வருகிறது. பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரிக்கு விடாதீர்கள். சொட்டுநீர்க் குழாய் சில வாரத்தில் பாசி பிடித்து அடைக்கும். அதற்குப் பதிலாக அரை அங்குலக் குழாயில் 5 மி.மீ. துளை இட்டு, மரத்தைச் சுற்றிச் சருகு நிரப்பிய சாண் ஆழ வாய்க்காலில் விட்டால் போதும். சேமிக்கும் தொட்டியில் ஒரு நாளைக்கு மேல் வைக்காதீர்கள், பாசியும் வாடையும் வரும். மே மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போவதாக இருந்தால் எல்போவை நிமிர்த்தி மட்டத்தை மேல்வரை ஏற்றிவிட்டுப் போங்கள். நின்ற தண்ணீரில் கல்வாழை பத்து, பதினைந்து நாள் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் ஆகுமென்றால் அவ்வப்போது தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.